பாரம் இறக்காத வீடு: வளைகுடாப் பாலைவனத்தில் ஒட்டகமும் லொறியும்

சங்க காலத்து உமணர் உப்பு வாணிகர். நெய்தல் நிலத்து உப்பை வண்டிகளில் ஏற்றி, எருது பூட்டி, மனைவி மக்களோடு உள்நாட்டு ஊர்களை நோக்கி நெடுவழி சென்றவர்கள். அவர்களுடைய வண்டி சரக்கை மாத்திரம் சுமக்கவில்லை. பானையும் குழந்தையும் அதிலேதான் இருந்தன. வழியிலே அச்சு முறிந்தால் உதவுமென்று வண்டியின் அடியிலே மாற்று அச்சொன்றைக் கட்டிச் சென்றார்கள் என்பதையும் அக்காலப் புலவர் கவனித்துப் பாடியிருக்கின்றனர். அந்த மாற்று அச்சுக்கு மரம் எங்கே வாங்கினார்கள், தச்சனுக்கு என்ன கொடுத்தார்கள் என்பதைப் புலவர் பாடவில்லை. செலவுக் கணக்கு பாட்டிலே ஏறுவதில்லை.

வட அமெரிக்காவில் வாழும் எம்மவர் கோடை காலத்தில் பெருந்தெருக்களில் ஒரு வகை வாகனத்தைக் கண்டிருப்பர். பின்புறம் திறந்த பிக்கப் லொறியின் முதுகிலே சிறிய வீடொன்று தூக்கி வைக்கப்பட்டிருக்கும். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அதற்குள் அடக்கம். அதன் உரிமையாளரிடையே தீராத வழக்கு ஒன்று உண்டு: பயணம் முடிந்ததும் அந்த வீட்டை இறக்கி வைப்பதா, ஆண்டு முழுவதும் ஏற்றியபடியே விடுவதா என்பது. இறக்கினால் மறுபடி ஏற்றும் பாடு. ஏற்றியபடி விட்டால் ஸ்பிரிங் தகடுகள் தளரும், ரயர் கெடும், எரிபொருட் செலவு ஏறும்; கடைக்குப் பாண் வாங்கப் போனாலும் வீட்டையும் சுமந்துகொண்டே போக வேண்டும். அவர்களுக்கு இது விடுமுறைக்கால வழக்கு. அரேபிய வளைகுடாவின் பாலைவனங்களிலோ இதே வழக்கை ஒரு சமுதாயமே தன் வாழ்வைப் பணயமாக வைத்து வழக்காட நேர்ந்தது.

வளைகுடாவில் உழைத்த உறவினர் ஒருவரேனும் இல்லாத குடும்பம் எம்மிடையே அரிது. அவர்கள் கண்டது கண்ணாடிக் கட்டடங்களின் வளைகுடா. அதற்கு முன்பிருந்த, வீட்டைத் தரையில் ஊன்றாத வளைகுடாவைப் பற்றியது இக்கட்டுரை.

ஒட்டகத்தின் கணக்கு

வட அரேபியப் பதுவின் மக்களுடைய கூடாரத்துக்குப் 'பைத் ஷஅர்' என்று பெயர். மயிர் வீடு என்று பொருள். ஆட்டு மயிரைத் திரித்து நீண்ட கீலங்களாக நெய்து, கீலங்களை ஒன்றோடொன்று தைத்துக் கூரையாக்குவர். மழையில் நனைந்தால் மயிரிழை பருத்து இடைவெளியை அடைத்துக்கொள்ளும், ஒழுக்கு நின்றுவிடும். நெய்தவரும் பெண்கள், நட்டவரும் பெண்கள், பிரித்து ஒட்டகத்தில் ஏற்றியவரும் பெண்களே. கூரை முழுவதையும் ஒரே முறையில் மாற்றுவதில்லை. நைந்த கீலத்தை எடுத்துவிட்டுப் புதியதொன்றைச் சேர்ப்பார்கள். பழையது பக்கத் திரையாகவோ சாக்காகவோ மாறும். எங்கள் ஊரில் கிடுகு வேலியை ஆண்டுதோறும் பகுதி பகுதியாகப் புதுப்பித்தவர்களுக்கு இந்தச் சிக்கனம் புதிதன்று.

இந்த வீட்டைச் சுமந்த ஒட்டகம் 150 முதல் 200 கிலோ வரை பாரம் தாங்கும். மாரியில் பசும்புல் கிடைத்தால் வாரக்கணக்கில் தண்ணீர் கேளாது. கோடையில் சில நாட்களுக்கொரு தடவை கிணற்றடிக்குக் கொண்டுபோக வேண்டும். அப்போது பத்து நிமிடத்திலே நூறு லீற்றர் வரை குடித்துவிடும். மனிதன் குடிக்க முடியாத உவர் நீரைத் தான் குடித்துப் பாலாக மாற்றித் தரும். லொறிக்கு ஊற்றும் பெற்றோலைப் போல ஒட்டகத்தின் தீனியைச் சந்தையில் வாங்க வேண்டியதில்லை. மழை பெய்த இடத்துக்குப் போனாற் போதும். அல் முர்ரா என்ற பெருங்குலத்தவர் மழையையும் மேய்ச்சலையும் தேடி ஆண்டுக்கு ஆயிரம் மைலுக்கும் அதிகமாக நகர்ந்தனர் என்று, 1968இலிருந்து 1970 வரை அவர்களோடு வாழ்ந்த மானிடவியலாளர் டொனால்ட் கோல் பதிந்திருக்கிறார். அவர்களுடைய நிலம் இன்றைய சவூதி அரேபியா, கட்டார், குவைத், ஐக்கிய அரபு இராச்சியம் ஆகியவற்றின் எல்லைகளைக் குறுக்கறுத்துக் கிடந்தது.

ஆயினும் ஒட்டகம் இலவசம் என்று நினைத்துவிடலாகாது. அது பதின்மூன்று மாதம் சினை சுமந்து, இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு கன்றே ஈனும். ஒரு பெரு வறட்சியில் இழந்த மந்தையை மீட்டெடுக்க ஒரு தலைமுறை வேண்டும். பலமுள்ள குலத்துக்குப் பலமில்லாத குலம் 'குவா' என்ற காவற் பணம் செலுத்திற்று. இசுலாமிய அறவரியான சக்காத்தும் உண்டு. ஐந்து ஒட்டகம் உடையவன் ஓர் ஆட்டைக் கொடுக்க வேண்டும். யாரிடம் கொடுத்தான் என்பது பிற்காலத்தில் பெரிய விவகாரமாயிற்று. அதைப் பின்னர் பார்ப்போம்.

அபுதாபிப் பக்கத்து பனீ யாஸ் குலத்தாரின் ஏற்பாடு வேறு. மாரியில் ஒட்டகத்தோடு மணற்காடு; கோடையில் ஆண்கள் முத்துக் குளிக்கக் கடலுக்குப் போவர்; பேரீச்சை பழுக்கும் காலத்தில் லீவாச் சோலையின் ஓலைக் குடிசைகள். முத்துக் குளிப்பவர்களின் கைத்திறன் எங்கள் கரைக்கும் அறிமுகமானதே. 1905ஆம் ஆண்டு மன்னாருக்குத் தெற்கே மரிச்சுக்கட்டியில் நடைபெற்ற பெரும் சலாபத்திலே வளைகுடாவின் அரபுக் குளிகாரரும் மூழ்கினார்கள். 1930களில் யப்பானின் வளர்ப்பு முத்தும் உலகப் பொருளாதார மந்தமும் அந்தத் தொழிலைக் கவிழ்த்தன. முத்துக் காசு நின்றதும் அரிசி வாங்கக் காசில்லை. எண்ணெய் வரும்வரை அந்தக் கரை பட்டினி கிடந்தது.

இன்னும் தெற்கே, ஓமானின் நடுவிலுள்ள ஜித்தத் அல் ஹராசிஸ் என்னும் சரளைக்கல் சமவெளியில் வாழ்ந்த ஹராசிஸ் மக்களிடம் கூடாரமே இருக்கவில்லை. ஏறத்தாழ 40,000 சதுர கிலோமீற்றர் பரப்புடைய அந்நிலத்தில் ஆறு இல்லை, ஊற்று இல்லை. கடலிலிருந்து வரும் மூடுபனியின் ஈரத்தில் முளைக்கும் செடிகளே மேய்ச்சல். ஹராசிஸ் குடும்பத்துக்கு மரநிழலே வீடு, பாலே தண்ணீர். அரபு மொழிக்கு முந்திய தென்னரேபிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த ஹர்சூசி அவர்களுடைய தாய்மொழி. எண்பதுகளில் அவர்களுடைய மொத்தத் தொகை சுமார் 3,000. எம்முடைய நடுத்தரக் கிராமம் ஒன்றின் சனத்தொகை.

லொறி வந்த கதை

1950இல் சவூதியின் எண்ணெயை லெபனானின் சைதாத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்லும் 'தப்லைன்' குழாய் முடிக்கப்பட்டது. குழாயின் ஓரமாகக் கைசூமா, ரஃப்ஹா, பதனா, துரைஃப் முதலிய இடங்களில் எண்ணெயைத் தள்ளும் நிலையங்கள் எழுந்தன, ஆழ்கிணறுகள் தோண்டப்பட்டன. இயந்திரம் இறைத்த தண்ணீர் தொட்டிகளில் நிறைந்ததும் நாற்றிசையிலிருந்தும் ஒட்டகங்கள் வந்தன. குழாயைக் காவல் செய்யவும் வேலை செய்யவும் ஆட்கள் தேவைப்பட்டனர். பதுவின் மக்களின் கையிலே முதன்முதலாக மாதச் சம்பளம் வந்தது. 1955இல் அப்துல் லதீப் ஜமீல் நிறுவனம் டொயோட்டா வாகனங்களைச் சவூதிக்கு இறக்கத் தொடங்கிற்று. 1950களின் இறுதியிலிருந்து சில ஆண்டுகள் வட அரேபியாவை வாட்டிய வறட்சியிலே ஒட்டகங்கள் பெருந்தொகையாக மடிந்தன. எஞ்சியவற்றை விற்றவர்கள் லொறி வாங்கினார்கள்.

ஓமானில் இது பிந்தியே நிகழ்ந்தது. சுல்தான் சயீத் பின் தைமூரின் ஆட்சியிலே மோட்டார் வாகனம் வாங்கவும் அவருடைய அனுமதி வேண்டும். 1970இல் அவருடைய மகன் காபூஸ் ஆட்சியைக் கைப்பற்றியபோது முழு நாட்டிலும் மூன்று பாடசாலைகளும் ஏறத்தாழ பத்துக் கிலோமீற்றர் தார் வீதியுமே இருந்தன. ஆனால் ஹராசிஸ் நிலத்திலே மாற்றம் அதற்கு முன்னரே விதைக்கப்பட்டிருந்தது. எண்ணெய் தேடி வந்தவர்கள் 1958இல் தங்கள் தேவைக்காக ஹைமாவிலும், அஜாயிஸிலும் ஒவ்வொரு கிணறு தோண்டினார்கள். அந்தச் சமவெளியின் முதற் கிணறுகள் அவையே. எண்ணெய் நிறுவனத்திலே காவலாளியாகவும் வழிகாட்டியாகவும் சேர்ந்தவர்கள் எழுபதுகளிலே வாகனம் வாங்கினார்கள். எண்பதுகளின் தொடக்கத்திலே வாகனமில்லாத குடும்பம் அரிதாயிற்று. பத்து ஆண்டுகளுக்குள் முடிந்த மாற்றம் இது.

லொறி வாங்கியதும் வீடு முழுவதையும் அதிலே ஏற்றிக்கொண்டு முன்னையிலும் விரைவாக அலைந்திருப்பார்கள் என்றுதான் நாம் எண்ணுவோம். தொடக்கத்தில் அப்படித்தான் செய்தார்கள். கூடாரம், பாய், பாத்திரம், ஆட்டுக்குட்டி, கிழவி எல்லாவற்றையும் ஏற்றி, ஒட்டகத்தில் பத்து நாள் சென்ற தூரத்தை ஒரே நாளிலே கடந்தார்கள். ஆனால் வட அமெரிக்க உரிமையாளரைப் பிடித்த அதே சிக்கல் இவர்களையும் பிடித்தது. லொறி ஒன்று, வேலைகள் பல. தண்ணீர் கொண்டுவர வேண்டும், நோயாளியை வைத்தியசாலைக்கு ஏற்ற வேண்டும், ஆட்டைச் சந்தைக்குக் கொண்டுபோக வேண்டும், மாவும் அரிசியும் வாங்க வேண்டும். வீட்டை முதுகிலே சுமந்து நிற்கும் லொறியால் இவற்றில் ஒன்றையும் செய்ய முடியாது. அதன் மேலும், சரளை நிலத்திலே முழுப் பாரத்தோடு ஓடினால் கூரான கற்கள் ரயரைக் கிழிக்கும். கரையோர உப்புச் சதுப்பிலே மேற்பொருக்கு உடைந்து அச்சுவரை புதையும். மணலிலே போகும்போது ரயரின் காற்றைப் பாதிக்கு மேல் இறக்க வேண்டும். பாரம் கூடிய லொறியில் காற்றிறங்கிய ரயர் சூடேறி வெடிக்கும்.

ஆகவே வீட்டை இறக்கினார்கள். இறக்கிய வீடு அங்கேயே இருந்தது, லொறி ஓடியது. ஹைமாக் கிணற்றிலிருந்து தண்ணீர் பவுசர் மூலம் மந்தை நின்ற இடத்துக்குப் போயிற்று. முன்னர் தண்ணீரைத் தேடி வீடு நடந்தது. இப்போது வீட்டைத் தேடித் தண்ணீர் வந்தது. சவூதியில் அரசு மானியம் கொடுத்து இறக்கிய பார்லியும் அவ்வாறே லொறியேறி மேய்ச்சல் நிலத்துக்குச் சென்றது. மழை பொய்த்த இடத்திலும் மந்தை நின்றதால் நிலம் மொட்டையாகியது. மேய்ச்சல் நிலங்களைக் காலம் பார்த்துத் திறந்து மூடிய 'ஹிமா' என்ற பழைய காப்பு முறையை 1953இலேயே அரச ஆணை ஒன்று நீக்கிவிட்டிருந்ததும் இதற்குத் துணையாயிற்று.

லொறி கன்று போடாது

அமெரிக்க மானிடவியலாளரான டோன் சற்றி 1981இல் ஐக்கிய நாடுகள் திட்டமொன்றின் பொறுப்பாளராக ஹராசிஸ் மக்களிடையே பணியைத் தொடங்கினார். அதற்கு முன்னர் லெபனான், சிரியாப் பதுவின் மக்கள் ஒட்டகத்திலிருந்து லொறிக்கு மாறியதை ஆராய்ந்தவர் அவர். அந்த ஆய்வு 1986இல் நூலாக வெளிவந்தது. பின்னாளில் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் அகதிகள் ஆய்வு நிலையத்துக்கு இயக்குநரானார். நடமாடும் மக்களைப் படித்தவர் இறுதியிலே இடம்பெயர்ந்த மக்களிடம் வந்து சேர்ந்ததில் வியப்பில்லை.

அவர் கண்ட ஹராசிஸ் குடும்பத்திலே சுமார் நூறு ஆடுகளும் இருபத்தைந்து ஒட்டகங்களும் இருந்தன. ஆடுகள் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் உரியவை. அவற்றை நடத்துபவர்களும் அவர்களே. ஒட்டகத்தில் ஐந்தாறு மாத்திரம் வீட்டருகே நிற்கும். மற்றவை வெளியே மேயும். ஆண் எங்கே? அவன் சம்பளத்துக்குப் போய்விட்டான். எண்ணெய் நிறுவனத்திலே காவல், அரசாங்க அலுவலகத்திலே சாரதி, படையிலே சிப்பாய். அவனுடைய சம்பளம் எங்கே போயிற்று? பெரும் பங்கு அந்த வாகனத்துக்கே போயிற்று. வாங்கிய கடன், பெற்றோல், ரயர், உடைந்த ஸ்பிரிங், தண்ணீர் ஏற்றும் செலவு. லொறியை வைத்திருப்பதற்காக வேலைக்குப் போனான். வேலைக்குப் போவதற்காக லொறியை வைத்திருந்தான். ஆடு விற்க முன்னூறு கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள சந்தைக்கு ஓடினால், கிடைத்த காசிலே ஒரு பங்கு வழியிலேயே எரிந்துவிடும்.

ஒட்டகம் வயது முதிர்ந்தால் இறைச்சியாகும். அதற்கு முன்னர் சில கன்றுகளை விட்டுப் போகும். லொறி கன்று போடாது. ஐந்தாறு ஆண்டுகளில் அந்தச் சரளை நிலம் அதைத் தின்றுவிடும். பிறகு முழு விலையையும் மீண்டும் காசாகக் கொடுக்க வேண்டும். அந்தக் காசு பாலைவனத்திலே விளைவதில்லை, நகரத்திலே இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடைக் காலத்திலே சில துளி பெற்றோலை விட்டு இயக்கி, மண்ணெண்ணெயிலே மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு ஒன்று விளங்கும். எரிபொருள் யாருடைய கையில் இருக்கிறதோ அவருடைய கையிலேதான் எம்முடைய பயணமும் இருக்கிறது. வளைகுடா அரசுகள் நெடுங்காலம் பெற்றோலை மிக மலிவாகக் கொடுத்தன. 2015 ஓகஸ்டில் ஐக்கிய அரபு இராச்சியம் அந்தக் கட்டுப்பாட்டு விலையைக் கைவிட்டது. 2016 சனவரியில் ஓமானும் கைவிட்டது. 2018இல் சவூதியும் ஐக்கிய அரபு இராச்சியமும் பெறுமதி சேர் வரியைத் தொடங்கின. ஓமான் 2021இல் தொடங்கிற்று. நகரத்துக் காரோட்டி இந்த உயர்வை முணுமுணுத்துக்கொண்டே செலுத்தினான். தண்ணீரையே லொறியில் வாங்கும் மந்தைக்காரனுக்கு அது ஆட்டின் விலையிலே ஏறிய சுமை.

ஆங்கிலேயரான வில்பிரட் தெசிஜர் நாற்பதுகளின் பிற்பகுதியில் ரப் அல் காலி என்ற வெறும் மணற்பரப்பை ஒட்டகத்திலே கடந்தவர். 1977இல் திரும்பி வந்து தம்முடைய பழைய தோழர்களை மோட்டார் வாகனங்களோடு கண்டு மனம் நொந்தார். அவருடைய நூல் உலகப் புகழ் பெற்றது. அந்த நோவும் புகழ் பெற்றது. ஆனால் அவர் விரும்பி வந்து விரும்பியபோது திரும்பியவர். பிரசவ வேதனையிலே கிடக்கும் மனைவியை வைத்தியசாலைக்கு ஏற்ற வாகனம் வேண்டுமா ஒட்டகம் வேண்டுமா என்று கேட்டால் எந்தப் பதுவின் கணவனும் ஒரே மறுமொழியையே சொல்வான். 1982இல் ஹைமாவிலே விடுதிப் பாடசாலை தொடங்கப்பட்டபோது பையன்களைக் கொண்டுவந்து சேர்த்ததும் அந்த லொறிகளே. பாலைவனத்தின் பழைமை குலைந்ததென்று அழுபவர்களுடன் எனக்கு உடன்பாடில்லை.

மறுபக்கமும் உண்டு. அதே சமவெளியிலே மேய்ந்த வெள்ளை ஓரிக்ஸ் மானை லொறியிலிருந்து துரத்திச் சுட்டார்கள். 1972இல் காட்டு நிலையிலிருந்த கடைசி ஓரிக்ஸ்கள் அங்கே அழிந்தன. 1982இல் ஹராசிஸ் ஆண்களைக் காவலராக வைத்து மீண்டும் அவ்வினத்தைக் கொண்டுவந்து விட்டார்கள். 1994இல் யுனெஸ்கோ அந்நிலத்தை உலக மரபுரிமையாக ஏற்றது. காப்பிடத்தின் பரப்பை ஓமான் பத்தில் ஒன்றாகக் குறைத்ததனால் 2007இல் பட்டியலிலிருந்து நீக்கியது. அந்தப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட முதல் இடம் அதுவே.

பெண்கள் விடயத்திலும் லொறி ஒரு விந்தை செய்தது. 1990 நவம்பர் 6ஆம் திகதி றியாத் நகரிலே 47 பெண்கள் காரோட்டித் தடையை எதிர்த்தபோது உலகம் வியந்தது. நகரத்துக்கு வெளியே, ஆண்கள் சம்பளத்துக்குப் போய்விட்ட கூடாரங்களிலே, பதுவின் பெண்கள் பிக்கப்பை ஓட்டித் தண்ணீர் ஏற்றிக்கொண்டுதான் இருந்தார்கள். அனுமதிப்பத்திரம் கேட்க அங்கே பொலிசு இல்லை. நகரத்துப் பெண்களுக்கு அந்த உரிமை 2018 யூன் 24இலேதான் கிடைத்தது.

பதிவுப் புத்தகம்

ஒட்டகத்துக்கும் லொறிக்குமுள்ள பெரிய வேறுபாட்டை இனித்தான் சொல்ல வேண்டும். ஒட்டகத்தின் தொடையிலே குலத்தின் சூட்டுக்குறி இருந்தாற் போதும். அது யாருடையதென்று பாலைவனம் முழுவதும் அறியும். லொறிக்கு இலக்கத் தகடு வேண்டும். தகட்டுக்குப் பதிவு வேண்டும். பதிவுக்கு நீ யாருடைய குடிமகன் என்ற தாள் வேண்டும்.

எல்லை கீறியவர்கள் முதலிலே சிறிது தயக்கத்தோடுதான் கீறினார்கள். 1922 டிசெம்பரில் உகைர் என்ற கரையோர ஊரிலே பிரித்தானியரான சேர் பேர்சி கொக்ஸ் ஈராக், குவைத், நெஜ்து ஆகியவற்றின் எல்லைகளைத் தீர்த்தபோது, இரண்டு இடங்களை எவருக்கும் உரித்தாக்காமல் பொது வலயமாக விட்டார். எல்லையருகேயுள்ள கிணறுகளில் கோட்டை கட்டுவதில்லை என்றும் ஈராக்குக்கும் நெஜ்துக்குமிடையில் எழுதப்பட்டது. வீட்டை ஏற்றிக்கொண்டு நடப்பவனுக்கு வழி விட வேண்டும் என்ற நினைவு அப்போது இருந்தது. எண்ணெய் அந்த நினைவை அழித்தது. ஐம்பதுகளில் புரைமிச் சோலைக்குச் சவூதியும், பிரித்தானியா தாங்கிய அபுதாபியும் ஓமானும் உரிமை கோரியபோது, எந்தக் கிணற்றடியிலே எந்தக் குலம் யாருடைய ஆளிடம் சக்காத்து ஆட்டைக் கொடுத்தது என்பது சான்றாயிற்று. ஏழை ஒருவன் அறமென்று கொடுத்த ஆடு, நாடுகளின் எல்லைக் கல்லாக மாறியது.

குவைத்தின் 1959ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் 1920க்கு முன்னரே குவைத்திலே நிலையாகக் குடியிருந்தவர்களைத் தொடக்கக் குடிமக்களாகக் கொண்டது. நிலையாகக் குடியிருந்தவர் என்ற அந்தச் சொல்லைக் கவனிக்க வேண்டும். பாரம் இறக்காத வீட்டில் வாழ்ந்தவன் எங்கே நிலையாக இருந்தான் என்பதற்கு என்ன தாள் காட்டுவான்? பலர் பதியவில்லை, சிலருக்கு எழுதத் தெரியாது, சிலருக்கு அது எதற்கென்று விளங்கவில்லை. 'பிதூன்', அதாவது 'இல்லாதவர்', என்ற பெயர் அவர்களுக்கு வந்தது. அவர்களே குவைத்தின் படையிலும் பொலிசிலும் பெருந்தொகையாகப் பணி செய்தார்கள். 1987இல் அரசு ஒரு புதிய விதியைப் புகுத்திற்று: செல்லுபடியான கடவுச்சீட்டு இல்லாத பிதூனுக்குச் சாரதி அனுமதிப்பத்திரமும் இல்லை, வாகனப் பதிவும் இல்லை. தாத்தாவின் ஒட்டகத்தை விற்று வாங்கிய லொறி முற்றத்திலே நின்றது. அதை ஓட்டினால் குற்றம்.

1990 ஓகஸ்ட் 2இல் ஈராக்கியப் படை குவைத்துக்குள் புகுந்தது. அங்கிருந்த ஏறத்தாழ ஒரு இலட்சம் இலங்கையரும் அதனிலும் கூடிய இந்தியரும் கையில் அகப்பட்டதோடு பஸ்ஸிலும் லொறியிலும் ஈராக்கினூடாக யோர்தான் எல்லையை அடைந்து, வெயிலிலே கூடாரமடித்துக் கிடந்ததை எம்மிற் பலர் நேரிலே அறிவோம். அறியாதவர் உறவினர் வாயாற் கேட்டிருப்போம். அவர்களுக்குக் கடவுச்சீட்டும் திரும்ப ஒரு நாடும் இருந்தன. அந்நாட்டில் எங்கள் ஊர்கள் எந்த நிலையில் இருந்தன என்பது வேறு கதை. வெளியேறிய பிதூன் மக்களுக்குப் போர் முடிந்த பின் குவைத் கதவைத் திறக்கவில்லை. 1990க்கு முன் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமென்று கணிக்கப்பட்ட அவர்களுடைய தொகை பின்னர் ஏறத்தாழ ஒரு இலட்சமாகக் குறைந்தது. கட்டாரிலே அல் முர்ராவின் ஒரு கிளையான அல் குஃப்ரானைச் சேர்ந்த ஆயிரக்கணக்கானோரின் குடியுரிமை 2004, 2005ஆம் ஆண்டுகளில் பறிக்கப்பட்டது. சவூதிக் குடியுரிமையும் வைத்திருந்தார்கள் என்பது சொல்லப்பட்ட காரணம். பெரும்பாலோருக்குப் பின்னர் அது மீண்டது, எல்லோருக்கும் மீளவில்லை. ஐக்கிய அரபு இராச்சியம் 2008க்குப் பின் தன் பிதூன் மக்களுக்கு இந்து சமுத்திரத்துக் கொமொரோஸ் தீவுகளின் கடவுச்சீட்டை விலைக்கு வாங்கிக் கொடுத்தது. வாங்கியவர்கள் தங்கள் நாடென்று எழுதப்பட்ட அந்தத் தீவைக் கண்டவர்களல்லர்.

இன்று குவைத்தின் குடிமக்கள் ஆண்டுதோறும் நவம்பர் நடுப்பகுதியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை பாலைவனத்திலே கூடாரமடித்துக் குளிர்காலத்தைக் கழிக்கிறார்கள். மின்பிறப்பாக்கி, தண்ணீர்த் தொட்டி, தொலைக்காட்சி எல்லாம் லொறியில் வந்திறங்கும். அனுமதி பெற்று, குறித்த நாளிலே நட்டு, குறித்த நாளிலே பிரிக்க வேண்டும். 1991இன் கண்ணிவெடிகள் சில பகுதிகளில் நெடுங்காலம் கிடந்து, கூடாரமடிக்கப் போனவர்களையும் கொன்றன.

தப்லைன் குழாயோரத்து ரஃப்ஹாவுக்குத் திரும்புவோம். கிணறும் லொறியும் சேர்ந்து ஊராக்கிய அந்த இடத்தின் அருகே 1991இல் சவூதி அரசு முட்கம்பி வேலியிட்ட முகாமொன்றை அமைத்தது. சதாமுக்கெதிராகக் கிளர்ந்து தோற்ற தென் ஈராக்கின் அகதிகள் முப்பதினாயிரத்துக்கும் அதிகமானோர் அதிலே வைக்கப்பட்டனர். பெரும்பாலோரை அமெரிக்கா, சுவீடன், அவுஸ்திரேலியா முதலிய நாடுகள் ஏற்றன. சிலர் ஈராக்குக்குத் திரும்பினர். ஏறத்தாழ 5,200 பேர் பன்னிரண்டு ஆண்டுகள் அங்கேயே இருந்தனர். முகாமிலே பிறந்த பிள்ளைகள் முகாமிலே பள்ளி சென்றனர். 2003 யூலை இறுதியில் முதலாவது வாகனத் தொடரணி சுமார் 240 பேரை ஏற்றிக்கொண்டு ரஃப்ஹாவிலிருந்து பஸ்ராவை நோக்கிப் புறப்பட்டது.